நகரின் தாகமும் பூண்டி ஏரியும்



சென்னை மாநகரில் குழாயைத் திருகுகின்றவர்கள், அதிலிருந்து விழும் நீர் எந்த ஊர் மண்ணின்மேல் ஓடி வந்தது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. குழாயில் நீர் வாராத நாளில்தான் அவ்வெண்ணம் எழுகிறது. அன்று செய்தித்தாளைப் பிரித்தால் நான்கு ஏரிகளின் பெயர்களும், அவற்றில் எஞ்சியுள்ள நீரின் அளவும் கட்டம் கட்டி அச்சிடப்பட்டிருக்கக் காணலாம். அந்நான்கில் பெரும்பாலும் முதலில் நிற்கும் பெயர் பூண்டி. அப்பூண்டியைப் பற்றிச் சில செய்திகளைச் சொல்லவே இன்று வந்துள்ளேன். திருவள்ளூர் வட்டாரத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்து, தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆதலால் அந்நீர்ப்பரப்பை நிறைந்தும் கண்டிருக்கிறேன், வறண்டும் கண்டிருக்கிறேன்.

பூண்டி, சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தொலைவிலும், திருவள்ளூருக்கு வடமேற்கே சிறிது தூரத்திலும் உள்ள ஒரு சிற்றூர். அதனருகே கொசத்தலை ஆற்றின் குறுக்கே கட்டப்பட்டதுதான் இந்த அணை. அரசாங்க ஏடுகளில் இதற்குச் 'சத்தியமூர்த்தி சாகர்' என்று பெயர். ஊர் மக்களோ 'பூண்டி ஏரி' என்றே வழங்குகின்றனர். இலக்கணம் பார்த்தால் இஃது ஏரியன்று. தாழ்ந்த நிலத்தில் பிறைபோலக் கரை எழுப்பி, வரத்துக்கால் வழியே வரும் மழைநீரைத் தேக்கி, மதகின் வழியே வயலுக்கு விட்டு, மிகுந்ததைக் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்கு அனுப்புவது ஏரி. ஓடுகின்ற ஆற்றையே மறித்து நிறுத்துவது அணை. ஆயினும், தொண்டை மண்டலத்தார்க்கு நீர் நின்ற இடமெல்லாம் ஏரிதான். பாண்டி நாட்டார் கண்மாய் என்பது போல இவர்களுக்கு நாவில் ஊறிய சொல் அது. மக்கள் வழக்கை நான் திருத்தப் போவதில்லை.

கொசத்தலை ஆற்றைக் கொற்றலை ஆறு என்றும் பழைய நூல்களில் காணலாம். காவேரிப்பாக்கம் பேரேரியின் மிகைநீர் இதற்கு ஒரு வரத்து. அந்நீர் கேசாவரம் அணைக்கட்டில் இரண்டாகப் பிரிந்து, ஒரு கிளை கூவமாகவும் மற்றொன்று கொசத்தலையாகவும் செல்கிறது. ஆந்திர நாட்டு மலைகளிலிருந்து இறங்கும் நகரியாறு பூண்டியை ஒட்டி வந்து இதனோடு கூடுகிறது. பின்னர் கிழக்கே ஓடி எண்ணூர்க் கழிமுகத்தில் கடலை அடைகிறது. ஆண்டில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு இது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழை பொழியும்போது சில நாள்கள் கரை புரளும். பின்னர் மீண்டும் மணல்தான்.

இந்த ஆற்றங்கரையின் பழமை நம் அரசர் வரலாறுகளுக்கெல்லாம் முற்பட்டது. 1863-ஆம் ஆண்டு மே மாதத்தில் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். அதே ஆண்டிலேயே அவரும் வில்லியம் கிங் என்பவரும் இப்பகுதிக்கு வந்து, அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகள் மிகுதியாகக் கிடப்பதைக் கண்டனர். இந்தியத் தொல்பழங்கால ஆராய்ச்சியின் தொடக்கமே இந்த இரண்டு இடங்கள்தாம் எனலாம். அத்திரம்பாக்கத்தில் சாந்தி பப்பு என்னும் ஆய்வாளரின் குழுவினர் அண்மைக் காலத்தில் அகழ்ந்து, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் அறிவித்தனர். நீர் கிடைத்த இடத்தில் மனிதன் தங்கினான். கல்லை உடைத்துக் கருவி செய்தான். அந்த மனிதனுக்கு நீரைத் தேடி 60 கிலோமீட்டர் குழாய் போட வேண்டிய தேவை இருக்கவில்லை.

நகரத்துக்கு அந்தத் தேவை எப்போது வந்தது?

சென்னை, ஆற்றை நம்பிப் பிறந்த நகரம் அன்று. கடற்கரை மணலில் ஆங்கிலேயர் கோட்டை கட்டினர். கோட்டைக்குள் இருந்த கிணற்று நீர் போதவில்லை, நன்றாகவும் இல்லை. ஆகவே 1772-இல் கோட்டைக்கு வடக்கே, இன்றும் ஏழு கிணறு என்று வழங்கும் இடத்தில் கிணறுகள் தோண்டி, அங்கிருந்து கோட்டைக்கு நீர் கொண்டு சென்றனர். கோட்டைக்கு வெளியே வாழ்ந்தவர்கள் தத்தம் வீட்டுக் கிணற்றையும் கோயில் குளத்தையும் நம்பியிருந்தனர். நகரம் சிறியதாக இருந்தவரையில் அது போதுமானதாக இருந்தது.

பிரேசர் என்னும் பொறியாளர் 1866-இல் ஒரு திட்டம் வகுத்தார். கொசத்தலை ஆற்றைத் தாமரைப்பாக்கத்தில் ஓர் அணைக்கட்டால் மறித்து, நீரைக் கால்வாய் வழியே சோழவரம் ஏரிக்கும், அங்கிருந்து புழல் ஏரிக்கும் திருப்பி, புழலிலிருந்து திறந்த கால்வாயில் கீழ்ப்பாக்கத்துக்குக் கொண்டுவருவது என்பது அதன் சாரம். 1872-இல் அது நிறைவேறியது. இங்கு ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சோழவரமும் புழலும் அதற்கு முன்பு வயலுக்கு நீர் தந்த ஏரிகள். நகரம் அவற்றை ஆழப்படுத்தி, கரையை உயர்த்தித் தன் பயன்பாட்டுக்கு எடுத்துக்கொண்டது. பாசன ஏரி குடிநீர் ஏரியாக மாறியபோது அதன் மதகுக்குக் கீழே இருந்த உழவர் என்ன ஆனார் என்பதைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் ஒன்றும் பேசுவதில்லை.

அந்நாளில் வந்த நீர் வடிகட்டப்படாத நீர். திறந்த கால்வாயில் விழுந்ததெல்லாம் வீட்டுக்கும் வந்தது. மேட்லி என்னும் சிறப்புப் பொறியாளர்தாம் இதை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். புழலிலிருந்து மூடிய கட்டடக் கால்வாய், கீழ்ப்பாக்கத்தில் மணல் வடிகட்டிகள், நீரேற்று நிலையம் ஆகியவை அமைந்து, 1914-இல் நகரம் தூய நீரைப் பருகத் தொடங்கியது. மேட்லி தொலைநோக்கு உடையவர். 1961-ஆம் ஆண்டில் சென்னையின் மக்கள்தொகை 6,60,000 ஆக இருக்கும் என்றும், ஆளுக்கு நாளொன்றுக்கு 25 காலன் நீர் வேண்டும் என்றும் கணக்கிட்டு, அதற்கேற்பத் தம் திட்டத்தை அமைத்தார். ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே நாடிப் பார்த்த கணக்கு! ஆனால் நகரம் அந்தக் கணக்குக்கு அடங்கவில்லை. 1931-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பிலேயே சென்னையில் 6,47,000 பேர் இருந்தனர். 1941-இல் 7,77,000 பேர். மேட்லி குறித்த 1961-இல் உண்மையாக இருந்தவர்களோ 17,29,000 பேர். வரலாற்று மாணவர்கள் இந்த எண்களைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. பூண்டி அணை ஏன் எழுந்தது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

1939-40-இல் சென்னை மாநகராட்சியின் மேயராக இருந்தவர் எஸ். சத்தியமூர்த்தி. நாவன்மையில் தமக்கு ஒப்பாரில்லாத காங்கிரசுத் தலைவர். காமராசரைப் பொதுவாழ்வில் வளர்த்துவிட்டவர். நாடகத்திலும் இசையிலும் தீராத ஈடுபாடு உடையவர். அவர் பிறந்த ஊர் புதுக்கோட்டைச் சீமையிலுள்ள திருமயம். வானம் பார்த்த பூமி அது. கண்மாய் நிறைந்தால் சோறு, வறண்டால் பட்டினி என்று வாழ்ந்த சீமையில் பிறந்தவர் நகரத்தின் தலைவரானபோது முதலில் தண்ணீரை நினைத்ததில் வியப்பில்லை என்று நான் கருதுவதுண்டு. அவருடைய காங்கிரசு அமைச்சரவை 1939-இல் பதவி விலகிவிட்டது. மாகாண ஆட்சி ஆளுநர் கையில் இருந்தது. உலகப் போர் மூண்டுவிட்டது. பணத்துக்கும் இரும்புக்கும் முடை. இத்தனைக்கும் நடுவில் கொசத்தலை ஆற்றில் ஒரு நீர்த்தேக்கம் வேண்டும் என்று விடாது வாதாடி, அரசாங்கத்தை இணங்கச் செய்தார். எந்த அரசாங்கத்தை எதிர்த்துச் சிறை சென்றாரோ, அதே அரசாங்கத்திடம் நகர மக்களுக்காக நீர் கேட்டார். 1940 ஆகஸ்டு மாதத்தில் பூண்டியில் அடிக்கல் நாட்டப்பட்டது.

அடுத்த நான்கு ஆண்டுகளும் எளிய ஆண்டுகள் அல்ல. 1942 ஏப்பிரலில் ஜப்பானியர் விசாகப்பட்டினத்தின்மீது குண்டு வீசினர். சென்னை மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் உள்நாட்டு ஊர்களுக்கு ஓடினர். அந்த ஓட்டத்துக்கு இடையிலும் பூண்டியில் மண்கரை உயர்ந்துகொண்டே இருந்தது. சத்தியமூர்த்தி அதன் முடிவைக் காணவில்லை. 'வெள்ளையனே வெளியேறு' போராட்டத்தில் சிறைப்பட்டு, உடல்நலம் குன்றி, 1943 மார்ச்சு 28-ஆம் நாள் சென்னையில் உயிர் நீத்தார். அணை 1944 சூன் மாதத்தில் திறக்கப்பட்டது. பின்னர் அவர் பெயரே அதற்கு இடப்பட்டது. கட்டுமானத்துக்கு ஆன செலவு சுமார் 65 இலட்ச ரூபாய்.

ஆற்றின் இருபுறமும் நீண்ட மண்கரை; நடுவே வெள்ளத்தை வெளியேற்றுவதற்கான 16 மதகுகள். தொடக்கத்தில் 2,573 மில்லியன் கன அடி நீர் கொள்ளுமாறு கட்டப்பட்ட அணை, பின்னர் நீர்மட்டம் உயர்த்தப்பட்டு, இன்று 35 அடி உயரத்தில் 3,231 மில்லியன் கன அடி கொள்கிறது. அணையை அடுத்து நீரியல் ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் அமைந்தது. அணைகளுக்கும் கால்வாய்களுக்கும் சிறு உருவ மாதிரிகள் அமைத்து, நீரை ஓடவிட்டுச் சோதிக்கும் இடம் அது. பொறியியல் படிக்க விரும்பும் மாணவர்கள் அதைப் பற்றி அறிந்திருத்தல் வேண்டும்.

சத்தியமூர்த்தியின் பெயர் அந்த அணைக்குத் தக்க பெயர்தான். அதில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் அந்த நீரின் அடியில் வேறு பெயர்களும் கிடக்கின்றன.

ஆற்றங்கரையில் திருவெண்பாக்கம் என்றோர் ஊர் இருந்தது. சைவர்கள் போற்றும் பாடல் பெற்ற தலங்களுள் ஒன்று. பெரியபுராணம் சொல்லும் வரலாறு உங்களுக்குத் தெரிந்ததே. சுந்தரமூர்த்தி நாயனார் திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, 'உன்னைப் பிரியேன்' என்று சூளுரைத்தார். திருவாரூர் வசந்த விழாவின் நினைவு வந்ததும் ஒற்றியூர் எல்லையைக் கடந்தார். கடந்ததும் கண்ணொளி இழந்தார். தட்டுத் தடுமாறி வெண்பாக்கம் வந்து முறையிட்டபோது, இறைவன் கண்ணைத் தரவில்லை. ஊன்றுகோல் ஒன்றைத் தந்தான். ஆகவே அங்குள்ள இறைவனுக்கு ஊன்றீசுவரர் என்பது பெயர். கண் கேட்டவருக்குக் கோலைத் தந்ததால் நாயனார் சினந்து அதை வீசினார் என்றும், அது பட்டு நந்தியின் கொம்பு ஒடிந்தது என்றும் தலவரலாறு கூறுவர்.

அணை எழுந்தபோது அந்தக் கோயில் நீர்ப்பரப்புக்குள் அகப்பட்டது. ஊன்றுகோல் தந்த இறைவனே ஊர் பெயர்ந்து செல்ல வேண்டியதாயிற்று. கோயில் பெயர்க்கப்பட்டுப் பூண்டியில் மீண்டும் எழுப்பப்பட்டது. இன்று அங்கே வழிபாடு நடைபெறுகிறது. கொம்பு ஒடிந்த நந்தியும் இருக்கிறது. கோயில் இடம் பெயர்ந்தது தலவரலாற்றில் ஏறிவிட்டது. கோயிலைச் சுற்றியிருந்த வயல்களும் வீடுகளும் களத்துமேடுகளும் எந்த வரலாற்றிலும் ஏறவில்லை. நான் பணியேற்ற புதிதில், பூண்டிக் கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் நீர்ப்பரப்பின் நடுவே கையை நீட்டி, "அதோ, அங்கேதான் எங்கள் அப்பன் ஏர் கட்டினார்" என்று காட்டினார். அவர் காட்டிய இடத்தில் எனக்கு அலை ஒன்றே தெரிந்தது. அவர் குரலில் சினம் இல்லை. நகரத்துக்குக் குடிக்க நீர் வேண்டாமா என்று அவரே என்னைக் கேட்டார்.

இனி, உழவர் தொடர்பான மற்றொரு செய்தி. அணை கட்டிய முதல் இருபத்தெட்டு ஆண்டுகளும், பூண்டியில் தேங்கிய நீரைப் பழைய ஆற்று வழியிலேயே திறந்துவிட்டு, தாமரைப்பாக்கத்தில் மறித்துச் சோழவரத்துக்குத் திருப்பினர். ஆற்று மணல் அதில் ஒரு பங்கைக் குடித்துவிடும். நகரத்தின் கணக்குப் புத்தகத்தில் அதற்கு இழப்பு என்று பெயர். இழப்பைத் தடுக்க 1972-இல் தளமிட்ட கால்வாய் ஒன்று அமைத்து, நீரை அதன் வழியே நேராக ஏரிகளுக்கு அனுப்பினர். பொறியியல் நோக்கில் இது சரியான செயல். ஆனால் மணல் குடித்த நீர் எங்கே போயிற்று? ஆற்றங்கரைக் கிணறுகளில் ஊற்றாக வந்தது. நகரத்தார் இழப்பு என்றதை ஊரார் ஊற்று என்றனர். ஒரே நீருக்கு இரண்டு பெயர், இரண்டும் பொய்யல்ல.

ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைப் பூண்டிக்கு அழைத்துச் சென்ற ஒரு சமயம், கால்வாயில் நீர் தளும்ப ஓடிக்கொண்டிருந்தது. கரையோரச் சிற்றூரிலிருந்து வந்த மாணவன் ஒருவன், "ஐயா, இது எங்கள் ஊர் வழியாகத்தானே போகிறது, எங்கள் கிணற்றுக்கு ஏன் வருவதில்லை?" என்று கேட்டான். தளமிட்ட கால்வாயின் அமைப்பை அவனுக்கு விளக்கினேன். அமைப்பு அவனுக்குப் புரிந்தது. அவன் கேட்டது அமைப்பைப் பற்றி மட்டும் அன்று என்பதும் எனக்குப் புரிந்தது.

நகரம் அந்த ஊற்றையும் விட்டுவைக்கவில்லை. தாமரைப்பாக்கம், பஞ்செட்டி, மீஞ்சூர் ஆகிய இடங்களில் ஆழ்குழாய்க் கிணறுகள் இறக்கி, நிலத்தடி நீரையும் நகரத்துக்கும் தொழிற்சாலைகளுக்கும் எடுத்தனர். உழவரும் மின்பொறி வைத்து இறைத்தனர். மீஞ்சூர்ப் பக்கத்தில் நன்னீர் இறங்க இறங்க, கடலின் உப்புநீர் நிலத்தடியில் உட்புகுந்தது. இரண்டாயிரத்தை ஒட்டிய வறட்சி ஆண்டுகளில் இவ்வாற்றுப் படுகை உழவர் சிலர் பயிரை விட்டுவிட்டு, கிணற்று நீரையே குடிநீர் வாரியத்துக்கு விற்றனர். நெல்லைவிட நீர் விலைபோகும் காலமும் வந்ததே என்று அப்போது எங்கள் ஊர்த் தேநீர்க்கடைகளில் பேசிக்கொண்டனர். விற்றவரைக் குறைகூற நான் துணியமாட்டேன். மழை பொய்த்த ஆண்டில் அவருக்கு வேறு விளைச்சல் இல்லை.

பூண்டிக்கு இன்னொரு வரத்தும் உண்டு. கிருட்டிணை நதியின் நீரை மகாராட்டிரம், கருநாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று மாநிலங்களும் தலைக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுத்துச் சென்னைக்குத் தருவது என்று 1976-இல் உடன்பட்டன. 1983 ஏப்பிரலில் ஆந்திர முதல்வர் என்.டி. இராமராவும் தமிழக முதல்வர் எம்.ஜி. இராமச்சந்திரனும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். சீசைலத்தில் புறப்பட்டு, சோமசிலை, கண்டலேறு ஆகிய நீர்த்தேக்கங்களைக் கடந்து, கண்டலேற்றிலிருந்து 152 கிலோமீட்டர் கால்வாயில் ஓடி, ஊத்துக்கோட்டைக்கு அருகில் தமிழக எல்லையைத் தொட்டு, பின்னும் 25 கிலோமீட்டர் கடந்து பூண்டியில் விழுகிறது அந்நீர். முதல் நீர் 1996-இல் வந்தது. எல்லையில் 12 டி.எம்.சி. தரவேண்டும் என்பது உடன்பாடு. வந்ததோ சிறு பகுதியே. கால்வாயின் கரைகள் சரிந்தன; வழியில் நீர் கசிந்தது; வழியிலுள்ள உழவரும் எடுத்துக்கொண்டனர். புட்டபர்த்தி சத்திய சாய் பாபாவின் அறக்கட்டளை முன்வந்து கால்வாயைச் செப்பனிட்ட பிறகே, 2004 முதல் வரத்து மேம்பட்டது.

இவ்வளவு இருந்தும் 2019 கோடையில் நான்கு ஏரிகளும் வற்றின. பூண்டியின் தரை வெடித்துக் கிடந்தது. அவ்வாண்டு சூலை மாதத்தில் சோலையார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு இரயிலில், ஒரு நடைக்கு 25 இலட்சம் லிட்டர் வீதம், நீர் கொண்டுவந்தனர். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் 2015 திசம்பரில் அதே நகரம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. அணைப் பொறியாளர்களின் நிலை இரங்கத்தக்கது. கார்த்திகையில் மதகைத் திறந்தால் கோடையில் ஏன் நீரைக் கடலுக்கு விட்டாய் என்பார்கள். திறவாது வைத்திருந்து பெருமழை வந்தால் ஏன் முன்னரே விடவில்லை என்பார்கள். பூண்டிக்குப் பின் சென்னைக்கென்று புதிதாக ஒரு நீர்த்தேக்கம், கண்ணன்கோட்டை - தேர்வாய்க்கண்டிகையில், 2020-இல்தான் திறக்கப்பட்டது. அதன் கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. இடையில் மீஞ்சூரை அடுத்தும் நெம்மேலியிலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களும் ஏற்பட்டன.

கணக்கில் விருப்பமுள்ள மாணவர்கள் ஒன்று செய்து பாருங்கள். ஒரு மில்லியன் கன அடி என்பது ஏறத்தாழ 2 கோடியே 83 இலட்சம் லிட்டர். பூண்டி முழுவதும் நிறைந்திருந்தால் அதில் உள்ள நீர் சுமார் 9,150 கோடி லிட்டர். சென்னைக்கு நாளொன்றுக்கு 100 கோடி லிட்டர் வேண்டும் என்று கொள்வோம். வெயில் குடிப்பதையும் மண் குடிப்பதையும் ஒதுக்கிவிட்டாலும், அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு நகரத்துக்குத் தொண்ணூற்றொரு நாள்களுக்கே வரும். மேட்லி கணக்கிட்ட தேவை இன்றைய அளவையில் நாளொன்றுக்கு ஏழரைக் கோடி லிட்டர்தான். அக்கணக்கின்படி இதே நீர் மூன்று ஆண்டுகளுக்கு மேல் வந்திருக்கும்.

பூண்டியை நேரில் காண விரும்புவோர்க்கு வழி எளிது. திருவள்ளூர் வரையில் இரயில் உண்டு. அங்கிருந்து பேருந்து உண்டு. தொல்பொருள் துறையினர் அமைத்த அருங்காட்சியகம் ஊரிலேயே இருக்கிறது. ஆற்றுப்படுகையில் கிடைத்த கற்கருவிகளை அதில் காணலாம். ஊன்றீசுவரர் கோயிலையும் அணையையும் அன்றைக்கே பார்த்துவிடலாம். மழை ஓய்ந்த தை மாதத்தில் ஒரு முறையும், வைகாசியில் ஒரு முறையும் செல்லுங்கள். கரைக் கற்களில் தையில் நீர் நின்ற கோடு வைகாசியிலும் அழியாமல் இருக்கும். அந்தக் கோட்டுக்கும் அன்றைய நீர்மட்டத்துக்கும் இடையே எத்தனை அடி என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு வாருங்கள்.